முனைவர் பட்டத்துக்கு முன் மூன்றாண்டு கிரேக்கம்

ஆசிரியருக்கு, வணக்கம்.

ரோமானியர்களோடு வணிகம் நடந்த பண்டைத் துறைமுகங்களான முசிறி (இன்றைய கேரளக் கரை), அரிக்கமேடு பற்றிய செய்திகளைப் படித்துவிட்டு கிரேக்க, லத்தீன் செவ்வியல் துறையில் ஆய்வு செய்ய ஆசைப்படும் மாணவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். வரலாறோ தொல்லியலோ படித்த எம்.ஏ. பட்டத்தை மட்டும் நம்பி அமெரிக்காவில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்தால் முதல் சுற்றிலேயே கழித்துவிடுவார்கள். அமெரிக்கத் துறைகள் பலவும் ஒரு மொழியில் மூன்றாண்டு, மற்றதில் இரண்டாண்டாவது கல்லூரிப் பயிற்சியை எதிர்பார்க்கின்றன.

அந்தக் குறையை நிரப்பவே பென்சில்வேனியா பல்கலைக்கழகம், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் (யு.சி.எல்.ஏ.) போன்ற இடங்களில் பட்டத்துக்குப் பிந்தைய மொழிப் பயிற்சி உண்டு. அதற்குப் பெரும்பாலும் சொந்தப் பணம்தான். முனைவர் படிப்பில் இடம் கிடைத்துவிட்டால் ஐந்தாண்டு வரை கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைப்பது வழக்கம். ஆகவே பணத் திட்டம் பயிற்சி ஆண்டுக்குத்தான் முதலில் தேவை.

பலர் சறுக்குவது இணையத்தில். கிரேக்க, லத்தீன் மூல நூல்களைத் தரும் பெர்சியஸ் தளத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொடுக்கிப் பொருள் பார்த்தே படித்தவர்களுக்கு, அகராதி இல்லாமல் மொழிபெயர்க்க வேண்டிய தேர்வில் கை ஓடாது. கிரேக்க வினைச்சொல்லுக்குப் பொதுவாக ஆறு அடிப்படை வடிவங்கள். அவை மனப்பாடமாக வேண்டும். சேர்ந்த பிறகு ஜெர்மனும், பிரெஞ்சு அல்லது இத்தாலியனும் வாசிக்கத் தேர்வு வைப்பார்கள். விண்ணப்பத்தோடு கேட்கும் ஆய்வுக் கட்டுரை மாதிரி மூலத்தைத் தொட்டு எழுதியதாக இருக்கட்டும். ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்து எழுதியது உடனே தெரிந்துவிடும். கெடு பெரும்பாலும் டிசம்பரில் வருகிறது.

மூலம் ஏன் அவ்வளவு முக்கியம்? வியன்னாவில் உள்ள முசிறிப் பாப்பிரஸை (நாணல் தாளில் கிரேக்கத்தில் எழுதிய ஆவணம்) பாருங்கள். 1985இல் பதிப்பித்த இந்த 2ஆம் நூற்றாண்டு ஏட்டின் ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மபொல்லோன் கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு. கங்கை நளதம் என்ற நறுமணப் பொருள் மட்டும் 60 பெட்டி. ஒப்பந்தம் முசிறியில் எழுதப்பட்டதா, முசிறிப் பயணத்துக்காக எழுதப்பட்டதா என்ற வாதம் 'கட்டா' என்ற ஒரு சின்ன இடைச்சொல்லைச் சுற்றியே நடக்கிறது. பண்டைத் தமிழக வணிக வரலாற்றின் ஒரு முக்கியக் கேள்வி அந்தச் சொல்லில் தொங்குகிறது. அதை எடைபோட நம்மிடம் எத்தனை பேர்?

நம் இறையியல் கல்லூரிகள் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தைக் கற்பிக்கின்றன. முசிறியைக் குறிப்பிடும் பழைய கடல்வழிக் கையேடான பெரிப்ளஸும் ஏறக்குறைய அதே காலத்துப் பொதுக் கிரேக்கம்தான். அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய கவிஞர் ஹோமருக்கும் வரலாற்றாசிரியர் துசிடிடிஸுக்கும் அது போதாது; அடித்தளத்துக்குப் போதும். அந்த வகுப்புகளில் வெளி மாணவர்களும் மாலை நேரத்தில் சேர்ந்து படிக்க நிர்வாகங்கள் இடம் கொடுக்க வேண்டுகிறோம்.