ரிச்சி தெரு கணினி வணிகர்களுக்கு: விலைப்பட்டியலின் கடைசி வரி குறித்து ஒரு திறந்த மடல்

சென்னை ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் மேசைக் கணினிகளைப் பாகம் பாகமாகப் பூட்டி விற்கும் வணிகப் பெருமக்களுக்கு,

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் கணினி பழுதுபார்க்கும் தொழில் செய்பவன் நான். உங்கள் கடைகளில் பூட்டப்பட்ட கணினிகள் ஓராண்டோ ஈராண்டோ கழித்து என் மேசைக்கு வருகின்றன. நீங்கள் எழுதித் தந்த விலைப்பட்டியலும் பெரும்பாலும் கூடவே வருகிறது. அதில் பிராசஸருக்கு முழு மாடல் எண் இருக்கிறது. மதர்போர்டுக்கு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. ரேமின் வேகம்கூடக் குறிக்கப்பட்டிருக்கிறது. கடைசி வரி மட்டும் "கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ், 450 வாட்" என்று முடிந்துவிடுகிறது. எஸ்எம்பிஎஸ் என்பது சுவர் மின்சாரத்தை 3.3, 5, 12 வோல்ட் என்ற தனித்தனி வழிகளில் கணினிக்கு மாற்றித் தரும் பெட்டி. எந்த நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ், எந்த மாடல், எத்தனை ஆண்டு வாரண்டி என்ற விவரம் எதுவும் இல்லை. அந்த வரியை இனி முழுமையாக எழுதித் தாருங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

450 என்ற எண் வாங்குபவருக்கு ஒன்றும் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததன்று. ஒரு காலத்தில் மதர்போர்டுகள் பிராசஸருக்கு வேண்டிய மின்சாரத்தை 5 வோல்ட் வழியிலிருந்து எடுத்துக்கொண்டன. இன்டெல்லின் பென்டியம் 4 பிராசஸர் வந்தபின் அந்தச் சுமை 12 வோல்ட் வழிக்கு மாறியது. இன்றைய கணினியில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதும் அந்த 12 வோல்ட்டை நம்பியே ஓடுகின்றன. கேபினெட்டோடு சேர்த்து வரும் பல எஸ்எம்பிஎஸ்களோ இன்னும் பழைய கணக்கிலேயே நிற்கின்றன, 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் யாருக்கும் தேவைப்படாத ஆம்பியர்களைக் காட்டி, எல்லாவற்றையும் கூட்டி, பக்கவாட்டு ஸ்டிக்கரில் பெரிய எண்ணாக அச்சிட்டுவிடுகின்றன. 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று இருந்தால் அங்கே கிடைப்பது 12 × 16 = 192 வாட் மட்டுமே. அதுவும் ஸ்டிக்கர் உண்மை பேசினால்தான்.

இதை ஒரு வழக்கமான விற்பனையோடு பொருத்திப் பாருங்கள். ஐ5 12400 பிராசஸரின் உச்ச டர்போ அளவு (முழு வேகத்தில் எடுக்கும் மின்சாரம்) 117 வாட் என்று இன்டெல் அறிவித்திருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டுக்கு 170 வாட் என்பது என்விடியாவின் கணக்கு. இரண்டும் சேர்ந்து 287 வாட் கேட்கும் இடத்தில் 192 வாட் தரக்கூடிய ஒன்றை வைத்துவிட்டு, அதில் கார்டுக்கான 8 பின் கனெக்டரும் இல்லாததால் ஒரு மோலெக்ஸ் மாற்றியை (பழைய 4 பின் இணைப்பைக் கார்டுக்கு ஏற்றபடி மாற்றும் கம்பியை) செருகிக் கணினியை அனுப்பிவைக்கிறீர்கள். அந்த மாற்றிகள் உருகிய நிலையில் எங்களிடம் வருகின்றன. அலுவலகக் கணக்குக்கும் தட்டச்சுக்கும் பயன்படும், தனிக் கார்டு இல்லாத கணினி 100 வாட்டுக்குள் ஓடிவிடும் என்பதால் அங்கே இந்தக் குறை உடனே வெளிப்படுவதில்லை. ஆனால் அங்கும் அது ஒளிந்தே இருக்கிறது.

எப்படி என்று சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பழியைச் சுமப்பது எப்போதும் வேறொரு பொருளாக இருக்கிறது. மின்சாரம் போனதும் சாதாரண யூபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லி விநாடிகள் எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியைத் தாங்கவேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கி. முழுச் சுமையில் 16 மில்லி விநாடிகள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று, எஸ்எம்பிஎஸ்களுக்கு இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் வடிவமைப்பு வழிகாட்டி பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது அந்த மின்தேக்கியில்தான். விளைவாக, யூபிஎஸ் நன்றாக இருந்தும், மின்வெட்டு வரும்போதெல்லாம் கணினி அணைந்து மறுபடி எழுகிறது. வாடிக்கையாளர் யூபிஎஸ் பேட்டரியை மாற்றுகிறார், பிறகு யூபிஎஸ்ஸையே மாற்றுகிறார், அதன்பின்தான் எங்களிடம் வருகிறார்.

இதைவிட மோசமானது கணினி அணைந்திருக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும் 5 வோல்ட் காத்திருப்பு வழி. சில பழைய, மலிவான வடிவமைப்புகளில் அந்தச் சுற்றிலுள்ள ஒரு சிறிய மின்தேக்கி வெப்பத்தில் உலர்ந்துபோனால், மின்னழுத்தம் குறைவதற்குப் பதிலாக ஏறிவிடும். மேலழுத்தப் பாதுகாப்பு இல்லாத நிலையில் அது நேரே மதர்போர்டுக்குப் போகிறது. எஸ்எம்பிஎஸ் போனால் எஸ்எம்பிஎஸ் மட்டும்தானே போகும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

"வருபவர் மொத்த விலையைத்தான் பார்க்கிறார், நாங்கள் நல்லதைப் போட்டு விலை சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்" என்பீர்கள். நியாயமான பதில்தான், வாடகையும் போட்டியும் நான் அறியாதவையல்ல. ஆனால் கேபினெட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் ஒரே வரியில் கட்டிவைத்திருப்பதால்தான் வாங்குபவரால் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவே முடியவில்லை. இரண்டையும் தனித்தனி வரிகளாக எழுதுங்கள். எஸ்எம்பிஎஸ் வரியில் நிறுவனம், மாடல், 12 வோல்ட் ஆம்பியர், வாரண்டி ஆண்டு ஆகிய நான்கும் இருக்கட்டும். அதன்பின் மலிவானதைத்தான் அவர் கேட்கிறார் என்றால் தெரிந்தே கேட்கிறார். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

நம்பகமானது என்றால் விலை உயர்ந்தது என்று பொருளில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மறுகோடியிலும் ஒரு தவறு நடக்கிறது. கார்டே இல்லாத கணினிக்கு 850 வாட் கோல்டு (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான 80 பிளஸ் முத்திரையின் ஓர் உயர் தரம்) விற்பதும் வாங்குபவரின் பணத்தை வீணாக்குவதுதான். 100 வாட் சுமையில் 82 விழுக்காட்டுத் திறனுக்கும் 90 விழுக்காட்டுத் திறனுக்கும் இடையே சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் 11 வாட்தான் வேறுபாடு. நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 32 யூனிட். அந்தச் சேமிப்பு கோல்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த விலையை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய முழு அளவையும் தரக்கூடிய, ஆக்டிவ் பிஎஃப்சி (சுவர் மின்சாரத்தைச் சீராக எடுக்கும் சுற்று) உள்ள, மூன்று முதல் ஐந்து ஆண்டு வாரண்டியோடு வரும் 450 அல்லது 550 வாட் பிராண்ஸ் (அதே முத்திரையின் வெண்கலத் தரம்) போதும். பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அதில் ஆக்டிவ் பிஎஃப்சி இல்லை என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். அதை ஒரு குழந்தை 115க்குத் தள்ளிவிட்டால் நடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

80 பிளஸ் முத்திரையை மட்டும் காட்டி விற்பதும் போதாது. 2004இல் தொடங்கிய அந்தத் திட்டம் அளப்பது மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றும் திறனை. அதையும் 23 டிகிரி செல்சியஸ் அறை வெப்பத்தில்தான் அளக்கிறது. ரிப்பிள் (வெளிவரும் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம்) எவ்வளவு, பாதுகாப்புச் சுற்றுகள் வேலை செய்கின்றனவா என்பவை அதன் எல்லைக்குள் வருவதில்லை. மே மாதத்தில் மின்விசிறி மட்டும் சுழலும் நம் ஊர் அறையில், மேசைக்கு அடியில் திணித்த கேபினெட்டுக்குள் இருக்கும் வெப்பம் அந்த 23 டிகிரியிலிருந்து வெகுதூரம். மின்தேக்கியின் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. ஆகையால் 105 டிகிரி தரத்து மின்தேக்கிகள் உள்ள மாடலா, 85 டிகிரியா என்பது முத்திரையின் நிறத்தைவிட நமக்கு முக்கியம்.

நிறுவனத்தின் பெயரும் தனியாக எதையும் உறுதிப்படுத்திவிடாது. தங்க முத்திரை பெற்ற ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் மாடல்கள் சோதனைகளில் வெடித்ததைத் தொடர்ந்து, 2021 ஆகஸ்டில் ஜிகாபைட் நிறுவனம் அவற்றின் மிகைச்சுமைப் பாதுகாப்பு எல்லையைக் குறைத்ததாக அறிவித்து, குறிப்பிட்ட வரிசை எண்களுக்குள் வரும் எஸ்எம்பிஎஸ்களை மாற்றித் தர முன்வந்தது. பல பெரிய நிறுவனங்கள் தம் எஸ்எம்பிஎஸ்களைத் தாமே செய்வதுமில்லை. ஒரே பெயரின் கீழ் ஒரு வரிசையை ஓர் ஆலையும் இன்னொரு வரிசையை வேறோர் ஆலையும் செய்து தருகின்றன. பட்டியலில் நிறுவனத்தின் பெயரோடு மாடலும் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பில்லில் எஸ்எம்பிஎஸ்ஸின் வரிசை எண்ணையும் எழுதித் தாருங்கள். வரிசை எண் இல்லாத பில்லைக் கொண்டு வெளியூரிலிருப்பவர் வாரண்டி கோரினால், அந்தப் பொருள் இந்தப் பில்லுக்குரியதுதான் என்று நிரூபிக்க வழியில்லாமல் சேவை மையத்திலிருந்து உங்களுக்கும் உங்களிடமிருந்து சேவை மையத்துக்கும் அலைக்கழிக்கப்படுகிறார். பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது.

இங்ஙனம்,
வெளியூரில் கணினி பழுதுபார்க்கும் ஒருவன்