பேரிங்கைத் துடைக்காமல் எடுத்து வா

அன்பு மருமகனுக்கு,

கோவைப் போட்டியில் உங்கள் கல்லூரிப் பந்தயக் கார் பாதியில் நின்றுபோனதையும், இனி எஞ்சின் பக்கமே போகமாட்டேன் என்று நீ முரண்டு பிடிப்பதையும் அக்கா போனில் சொல்லி அழுதாள். பந்தய எஞ்சின் வடிவமைப்பதுதான் என் வேலை என்று பத்தாம் வகுப்பிலேயே சொன்னவன் நீ. எனக்கு மனம் ஆறவில்லை.

பந்தய எஞ்சின்களை வடிவமைத்த ஆங்கிலேயர் கீத் டக்வொர்த்தை உனக்குத் தெரியும். 1967 ஜூன் 4, நெதர்லாந்தின் ஸான்ட்வோர்ட். அவருடைய டிஎஃப்வி என்ற ஃபார்முலா ஒன் எஞ்சின் முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கிய நாள். ஜிம் கிளார்க் வென்றார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அதே எஞ்சினோடு முன்னால் போய்க்கொண்டிருந்த கிரஹாம் ஹில்லின் கார் நின்றுவிட்டதே, எனக்கு அதுதான் பெரிது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை ஓட்டும் பல்சக்கரத்தில் பல் உடைந்திருந்தது.

நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால் நொடிக்கு 150. சிலிண்டரின் ஒவ்வொரு வெடிப்புக்கும், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் முறுக்கிக்கொள்ளும். அந்தப் பக்கம் வால்வு ஸ்பிரிங்குகளோடு கேம் ஷாஃப்ட் மல்லுக்கு நிற்கும். நடுவில் சிக்கிய பல்லுக்கு அடிமேல் அடி. பல்லைத் தடிமனாக்கு என்றுதான் யாருக்கும் தோன்றும். டக்வொர்த் கடைசியில் சக்கரத்துக்குள்ளேயே மெல்லிய எஃகுத் தண்டுகளை வைத்து, அவை சற்றே முறுகி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி செய்தார். 1983 வரை அந்த எஞ்சின் 155 ஃபார்முலா ஒன் பந்தயங்களை வென்றது.

உங்கள் வண்டியில் இருப்பது பைக் எஞ்சின். வளைவில் பைக் சாயும். ஆயிலும் கூடவே சாய்ந்து அடியிலேயே நிற்கும். கார் அப்படிச் சாயாது. ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிட, பம்ப் காற்றை உறிஞ்சும்; கிராங்க்கைத் தாங்கும் பேரிங் ஆயில் இல்லாமல் தேய்ந்துவிடும். என் சந்தேகம் அதில்தான். கடல் கொந்தளித்து விசைப்படகு ஒருக்களிக்கும்போது எங்களுக்கும் இதே பயம்தான். போன வருடம் மண்டபத்துப் படகு ஒன்றில் நான் கழற்றிய பேரிங் இன்னும் என் மேசையில் இருக்கிறது: சாம்பல் பூச்சு உரிந்து, நடுவில் செம்பு நிறம், விரலை வைத்தால் நெருடும்.

உன்னுடையதைப் பெட்ரோல் விட்டுக் கழுவிவிடாதே. எந்த சிலிண்டர், மேலா கீழா என்று எழுதி, பழைய வேட்டித் துணியில் சுற்றி எடுத்து வா. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, படகுகள் பழுதுபார்க்க வந்துவிட்டால் 61 நாளும் பட்டறையில் எனக்கு நிற்க நேரம் இருக்காது. அதற்கு முன்பே ராமேஸ்வரம் ரயிலில் ஏறி, பாம்பன் பாலத்துக்கு முன்னால் மண்டபத்திலேயே இறங்கிவிடு. இரண்டு பேரிங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

உன் மாமா