குகைக்குள் சிலையைத் தேடிய அம்மா

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் அம்மாவோடு வைஷ்ணவ தேவி கோயிலுக்குப் போய் வந்தேன். ஜம்முவில் மலையடிவாரத்தில் உள்ள கட்ரா ஊரிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மலைப்பாதை. தீர்த்தமலை ஏறிய கால்தானே என்று தெம்பாகக் கிளம்பிய அம்மா, பாதி வழியில் உள்ள அர்த்தகுவாரி வருவதற்குள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், அப்புறம் மட்டக்குதிரைதான். குகைக்குள் சிலை கிடையாது. காளி, லட்சுமி, சரஸ்வதி என்று வணங்கும் மூன்று பிண்டிகள், அதாவது முகம், கை, கால் என்று உருவம் இல்லாத கற்கள்தான். கண்ணை ஓட்டுவதற்குள் நகரச் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து, "சாமி எங்கடா இருந்துச்சு?" என்கிறார்! கூட்டிப்போன டூர்காரர் வழியெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினார், இதைச் சொல்லவில்லை. உங்கள் ஆன்மிகப் பக்கத்திலாவது நாலு வரி போடுங்கள். ஏறுவதற்கு முன்பே யாத்திரை அட்டை வாங்கிவிட வேண்டும் என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்