சைக்கிள் விளக்கை நம்பி எங்களைக் கடலுக்கு அனுப்பும் செயற்குழுவுக்கு

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் படகுகளுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த, சைக்கிள் விளக்கு மாதிரியான விளக்குகளைப் பற்றி ஆங்கிலத்தில் நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று ஒற்றை வரியில் பதில் போட்டீர்கள். எதில் குறித்துக்கொண்டீர்கள் என்று தெரியவில்லை. நம் மும்பைப் பாய்மரப் படகு மன்றத்தில் படகு ஓட்டுபவர்களில் மாட்டுங்கா, செம்பூர், சயான் பக்கத்துத் தமிழர்கள் கணிசம். செயற்குழுவிலும் நம்மவர்கள் இருக்கிறீர்கள். எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் தமிழில், திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

போன ஞாயிறு மாலை நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். படகுத்துறைப் பதிவேட்டில் 'தாமதமாகத் திரும்பியது, சேதம் இல்லை' என்று இருக்கிறது. அதில் இல்லாததை நான் சொல்கிறேன்.

நம் துறைமுகத்துக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிற்பகல் முழுக்க வடமேற்கிலிருந்து நன்றாக அடித்துவிட்டு, வெயில் சாயும் நேரத்தில் காலை வாரிவிடும். டிசம்பரில் 6 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. அன்று கேட்வே ஆஃப் இந்தியாவுக்கும் எலிபெண்டா தீவுக்கும் நடுவில் காற்று செத்தது. கடல் வற்றிக்கொண்டிருந்த நேரம். பாய் தொங்க, படகு தெற்கே நழுவத் தொடங்கியது. அந்தப் படகில் எஞ்சின் இல்லை என்பதும் நீங்கள் அறிந்ததே.

சரி, விளக்கை மாட்டுவோம் என்று பெட்டியைத் திறந்தோம். நீங்கள் மொத்தமாக வாங்கிக் கொடுத்த அதே பெட்டிதான். இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் காட்டும் முன்விளக்கின் அடியில் இருப்பது ஒரு சக்‌ஷன் ரப்பர். உப்பு காய்ந்த ஃபைபர் தளத்தில் அது எங்கே ஒட்டும்? எச்சில் தொட்டு அழுத்தினோம், ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் அலை தட்டத் தட்ட மெல்ல இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. எங்கள் இடப்பக்கத்திலிருந்து வருபவருக்குத் தெரியவேண்டியது சிவப்பு, தெரிந்தது பச்சை. அதாவது, நாங்கள் போகும் திசைக்கு எதிர்த்திசையில் போவதாக அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். எதிர்க்கரை மாண்ட்வா பக்கமிருந்து வந்த பயணிகள் படகு ஒன்று எங்களை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தது.

பயிற்சிக்கு வந்திருந்த பையன் முன்னால் தவழ்ந்துபோய் விளக்கை நேராக்கினான். விரல் பொத்தானில் பட்டுவிட்டது. உடனே விளக்கு பளிச் பளிச்சென்று மின்னத் தொடங்கியது. சைக்கிளுக்கு அது நல்ல வசதிதான். கடலில் சிவப்பாகவும் பச்சையாகவும் விட்டுவிட்டு மின்னுவது கப்பல் பாதையைக் காட்டும் மிதவை. மிதவைக்காக எந்தப் படகும் ஒதுங்கி வழிவிடப் போவதில்லை. மறுபடி அமுக்கினான், ரப்பர் பிடி விட்டு விளக்கு தண்ணீரில் போனது. நல்லவேளையாக என் பையில் டார்ச் இருந்தது. பாய் முழுக்க வெளிச்சம் அடித்துக் காட்டினேன். அந்தப் படகு விலகித் திரும்பிப் போன அலையில் நாங்கள் ஆடி அடங்க நேரம் பிடித்தது. பையன் வீடு சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இதற்கு உங்கள் பதில் என்ன? '7 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு டார்ச் போதும், விதியே சொல்கிறது.' கூட்டத்திலும் இதையேதான் சொன்னீர்கள். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 25ஆம் விதியைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். இயன்றால் பக்க விளக்குகளும் பின்விளக்கும் காட்டவேண்டும் என்பதுதான் அங்கே முதலில் இருக்கிறது. அதற்கு வழியே இல்லாதவர்களுக்குத்தான் டார்ச். பேட்டரியில் எரியும், கழற்றி மாட்டக்கூடிய நல்ல விளக்குகள் கடையில் கிடைக்கும் காலத்தில் 'இயலவில்லை' என்று எப்படிச் சொல்வது? அதோடு, சுக்கானுக்கு ஒரு கை, பாய்க்கயிற்றுக்கு ஒரு கை. டார்ச் பிடிக்க மூன்றாவது கையை மன்றம் வழங்குமா?

ஆகவே கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு படகுக்கும் ஒழுங்கான ஒரு செட் விளக்கு.

ஒழுங்கானது என்றால், முன்னால் சிவப்பும் பச்சையும் தலா 112.5 பாகைக் கோணத்துக்கு, பின்னால் வெள்ளை 135 பாகைக் கோணத்துக்கு மட்டும் தெரிவது. இந்தக் கடைசி எண்ணை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் பெட்டியில் இருக்கும் பின்விளக்கு சுற்றிலும் எரிகிறது. பக்க விளக்குகளோடு சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கும் எரிந்தால் அது எஞ்சினில் ஓடும் சிறு படகு என்று பொருள். எஞ்சினே இல்லாத படகில் 'எஞ்சின் ஓடுகிறது' என்று பலகை மாட்டி அனுப்பியிருக்கிறீர்கள்! போதாக்குறைக்கு அந்த வெளிச்சம் சுக்கான் பிடிப்பவர் கண்ணில்தான் அடிக்கிறது; அதன்பின் இருட்டில் எதுவும் புலப்படாது.

மற்றபடி, 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்குப் பக்க விளக்கு 1 கடல் மைலுக்கும் பின்விளக்கு 2 கடல் மைலுக்கும் தெரியவேண்டும். பெட்டியின் மேல் 'சூப்பர் பிரைட்' என்று அச்சடித்திருப்பது தூரக் கணக்கு ஆகாது. நம் பின்னணியில் தெற்கு மும்பையின் அத்தனை கட்டட வெளிச்சமும் இருக்கிறது. அதற்கு முன்னால் மங்கல் விளக்கு இருந்தும் இல்லாததுதான். ரப்பரோ காந்தமோ வேண்டாம். காந்தம் திசைகாட்டியைக் குழப்பும். படகில் நிரந்தரமாகத் திருகிய தாங்கியில் செருகும் வகை வேண்டும். எப்படி மாட்டினாலும் நேராகத்தான் நிற்கும். தண்ணீரில் விழுந்தாலும் தாங்கவேண்டும், குறைந்தது ஐபி67 என்ற நீர்புகாத் தரம். பேட்டரி பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண டபுள் ஏ ஆகவே இருக்கட்டும்.

பணம் இல்லை என்கிறீர்கள். ஆண்டு விருந்துக்குக் கொடிமரம் முதல் கழிப்பறை வழி வரை சரவிளக்கு தொங்கியது, அதற்கு இருந்தது. வரவேற்பறையின் புதுத் திரைச்சீலைக்கும் இருந்தது. இந்த ஊரே அப்படித்தான் என்று சொல்லலாம். பாந்திரா-வொர்லி பாலத்துக்கு வண்ண வண்ண விளக்கு, அதற்குக் கீழே வலை வீசும் கோலி இன மீனவர் தன் விளக்கைத் தானே பார்த்துக்கொள்ளவேண்டும். 2024 டிசம்பர் 18 அன்று நீல்கமல் என்ற பயணிகள் படகு மோதப்பட்டது பட்டப்பகலில், எலிபெண்டா போகும் வழியில். அதன் பிறகு நம் படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் ஏறவிடுவதில்லை. நல்லது. ஆனால் ஜாக்கெட் வேலை செய்வது மோதிய பிறகு. நான் கேட்பது அதற்கு முந்தைய விஷயம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திரைச்சீலை அழகாகவே இருக்கிறது.

தாழ்மையோடு மீண்டும் கேட்கிறேன்: ஒவ்வொரு படகுக்கும் ஒழுங்கான ஒரு செட் விளக்கு. அது வரும்வரை, மாலை 4 மணிக்கு மேல் எஞ்சின் இல்லாத படகை வெளியே அனுப்பாதீர்கள். இப்போது இருக்கும் பெட்டிகளை விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பொருளாளர் அன்புகூர்ந்து விசாரிக்கவேண்டும். வாங்குமுன் மாதிரிக்கு ஒன்றை வரவழையுங்கள். இருட்டிய பிறகு படகில் மாட்டி, துறையிலிருந்து விலகி நின்று நாலா பக்கமும் பார்த்துவிடலாம். துடுப்புப் போட நான் வருகிறேன். உங்களில் இருவராவது உடன் வந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
செம்பூரிலிருந்து உங்கள் உறுப்பினர் ஒருவன்