எல்லாக் காசையும் ட்ரம்முக்குள்ள போடாதீங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல தோண்டி எடுத்த பழைய காசுகளை ரொக் டம்ளர் மெஷின்ல, அதுதான் கல்லுகளை ட்ரம்முக்குள்ள போட்டுச் சுத்தி மினுக்கிற மெஷின், அதில போட்டுப் பளபளப்பாக்கிறது எப்படி எண்டு ஒரு துண்டு வந்திருந்தது, எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டி உப்பும் வினாகிரியும் ஊத்தி ராத்திரி முழுக்கச் சுத்த விடச் சொல்லி. நான் திருகோணமலையில நகைப்பட்டறை வச்சிருக்கிறவன், எங்களிட்டயும் பொலிஷுக்குச் சுத்துற ட்ரம் இருக்கு, அதால மெஷினோட எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா எழுதினவர் பாதியைத்தான் எழுதியிருக்கிறார், முக்கியமான பாதி விடுபட்டுப் போச்சு.

இப்ப புழக்கத்தில இருக்கிற சில்லறை நிலாவெளி மணலுக்குள்ள கிடந்து கறுத்துப் போச்சுதெண்டா தாராளமாப் போடுங்கோ, அதைக் கடையில குடுக்கத்தானே போறீங்கள். காசும் மீன் தொட்டிக்குப் போடுற சின்னக் கல்லுமா ட்ரம்மில அரைவாசிக்குக் கொஞ்சம் மேல, அது மூடுற அளவு தண்ணி, பாத்திரம் கழுவுற லிக்குவிட் ரெண்டு சொட்டு, போதும். மெஷினோட ஒரு கறுப்புத் தூள் தருவாங்கள், சிலிக்கன் கார்பைட், அது கல்லையே தேய்ச்சு எடுக்கிற சாமான், காசுக்குக் கிட்டவும் கொண்டு போகாதீங்கோ. ராத்திரி முழுக்க எல்லாம் வேண்டாம், மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிப்பாட்டித் திறந்து பாருங்கோ.

ஒண்டாக் கொட்டுற கதைதான் பெரிய பிழை. பட்டறையில வேலை பழக வாற பொடியனுக்கு முதல் நாளே சொல்லுறது அமிலத் தண்ணிக்குள்ள இரும்புக் குறடு விடாதே எண்டு, விட்டா தண்ணியில கரைஞ்சிருக்கிற செம்பு வந்து வெள்ளி நகையில படிஞ்சு சிவப்பாகிப் போகும். இப்பத்தைய மஞ்சள் சில்லறையில கனக்க இரும்புக்கு மேல பித்தளை பூசினது, அதையும் பழைய செம்புச் சதத்தையும் வினாகிரிக்குள்ள ஒண்டாச் சுத்தவிட்டா அதே கூத்துத்தான், பூச்சு விட்ட இடத்தால துருவும் கிளம்பும். பூ விளிம்பு வச்ச பழைய பத்துச் சதம் ரெண்டு சதமெல்லாம் பித்தளைச் சாதி, அமிலம் அதில இருக்கிற நாகத்தை, சிங்க் எண்டு சொல்லுற உலோகத்தை, உறிஞ்சிப் போட்டு ரோஸ் நிறத்தில விட்டிடும், பிறகு பழைய நிறம் லேசில வராது. இன்னொண்டு, இறுக்கி மூடின ட்ரம்முக்குள்ள அமிலமும் உலோகமும் சேர்ந்தா வாயு உண்டாகும், மூடி தெறிக்கவும் கூடும். சின்னப் பிள்ளையள் செய்து பார்க்கிற பகுதியில இதை எழுதாமல் விடலாமா?

சரி, நான் எழுத வந்த விசயம் இதில்லை. திருகோணமலை மண்ணைக் கிண்டினா வாறது சில்லறை மட்டும் இல்லை. ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், 18ஆம் நூற்றாண்டு கடைசியில இலங்கையில அடிச்ச தடிச்ச செம்புக்காசு, ஸ்டைவர் எண்டு சொல்லுறது, அதில வி, ஓ, சி மூண்டு எழுத்தையும் ஒண்டுக்கு மேல ஒண்டாப் பின்னின ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி முத்திரை இருக்கும், முத்திரைக்கு மேல ஒரு தனி எழுத்து. கொழும்பில அடிச்சதுக்கு சி, காலிக்கு ஜி, எங்கட ஊரில அடிச்சதுக்கு டி. 1795இல இங்கிலீஷ்காரன் கோட்டையைப் பிடிக்கிறதுக்கு முந்தி இந்த ஊரிலயே அடிச்ச காசு! அடிச்சதும் ஒழுங்கில்லாமல்தான், எழுத்து நடுவில இல்லாமல் விளிம்புக்குத் தள்ளிப்போய் நிக்கும். ட்ரம்மில காசோட காசு மோதுறது எல்லாத்துக்கும் முதல் விளிம்பிலதான், அப்ப எது முதல்ல அழியும் எண்டு சொல்லத் தேவையில்லை.

அதோட நூறு இருநூறு வருசம் மண்ணுக்குள்ள கிடந்த செம்பில மேல இருக்கிற பச்சை, கபிலத் தோலை அழுக்கு எண்டு நினைக்கினம். அது அழுக்கில்லை, அந்தத் தோலிலதான் எழுத்தே நிக்குது, கீழ இருக்கிற செம்பு அரிச்சு அம்மைத்தழும்பாக் கிடக்கும். தோலை உரிச்சா மினுங்குற ஒரு தகடுதான் மிச்சம். யாழ்ப்பாண அரசர் அடிச்ச சேதுக் காசிலயும் சோழர் காசிலயும் இதே கதைதான். எங்கட ஆக்கள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிறதும் சரியில்லை, குத்துவிளக்குக்கு அது சரி, இதுக்கு வேண்டாம்.

சட்டத்தையும் சொல்ல வேணும். 1940ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தினது தொல்பொருள், அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுறது குற்றம். ஒல்லாந்தர் காசும் அதுக்குள்ளதான் வருது. உலோகம் தேடுற டிடெக்டரோட புதையல் தோண்டப் போனவர் கைது எண்டு நீங்களே அடிக்கடி செய்தி போடுறீங்கள், உள்பக்கத்தில தோண்டின காசைக் கழுவக் குறிப்பும் போடுறீங்கள்.

வீடு கட்ட அத்திவாரம் வெட்டேக்க அப்படி ஒண்டு அம்பிட்டா தேய்க்காமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேணும். அதுவரைக்கும் ஈரமில்லாத இடத்தில கடதாசியில சுத்தி வையுங்கோ, பிளாஸ்டிக் பையில அடைச்சு வைக்காதீங்கோ. கடல் உப்பு ஏறின செம்பில வெளிர் பச்சையாத் தூள் தூளா உதிர்ந்தா அது உள்ளுக்க அரிச்சுக்கொண்டு போகுது எண்டு அர்த்தம், அதைக் குடுக்கேக்க சொல்லிக் குடுங்கோ.

உங்கட குறிப்பைப் பார்த்து ஏற்கெனவே வினாகிரி ஊத்திச் சில்லறை கழுவினவை அந்தத் தண்ணியைக் கிணத்தடியில ஊத்த வேண்டாம், அதில கரைஞ்ச செம்பு இருக்கு, மீன் தொட்டியில விட்டா மீன் செத்துப் போகும். வாற ஞாயிறு அதே பக்கத்தில, அதே அளவு எழுத்தில ஒரு திருத்தம் போடுங்கோ.

இப்படிக்கு,
பட்டறைக்காரன் ஒருத்தன்,
திருகோணமலை