அண்ணாவுக்கு, அஞ்சலி அட்டை பற்றி

அண்ணா,

அப்பாவின் வருஷத் திதிக்கு நீ அடிக்கப்போகும் அட்டையை வாட்ஸப்பில் பார்த்தேன். படம் அழகாக இருக்கிறது. கீழே "வீடு வரை உறவு, வீதி வரை மனைவி, காடு வரை பிள்ளை, கடைசி வரை யாரோ" என்று போட்டு, "அப்பாவின் பொன்மொழி" என்றும் எழுதியிருக்கிறாய்.

அது 1962இல் வந்த 'பாத காணிக்கை' படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பாட்டு. அவருக்கும் முன்பே பட்டினத்தார், மாதர் வீதி மட்டே, மைந்தர் சுடுகாடு மட்டே, தொடர்ந்து வருவது பாவமும் புண்ணியமும்தான் என்று பாடிவிட்டார். கவிஞர் அந்த முடிவை எடுத்துவிட்டு "யாரோ" என்று விட்டார். கிருஷ்ணகிரி மண்டியில் மாங்காய் ஏற்றுகிறவர் வரைக்கும் அந்த வரி போனது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மண்டியில் யாராவது "நல்லா சொன்னீங்க கணக்கரே" என்றால் அப்பா உடனே, "நான் எங்கய்யா சொன்னேன், கண்ணதாசன் சொன்னது" என்பார். உனக்கும் தெரியும்.

தோப்பு கைமாறிய அன்று பத்திரம் முடித்து வந்து, திண்ணையில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "சட்டி சுட்டதடா, கை விட்டதடா" என்றார். பழைய பாட்டு ஞாபகம் வந்துவிட்டதென்று எல்லோரும் சிரித்தீர்கள். நீ காபி கேட்டாய். அது 'ஆலயமணி', அதே வருஷம், அதே கவிஞர், அதே டி.எம்.எஸ். குரல். "நாலும் நடந்து முடிந்த பின்னால் நல்லது கெட்டது தெரிந்ததடா" என்ற வரியை மட்டும் அவர் சொல்லவில்லை. திட்ட வேண்டிய இடத்தில் பாட்டில் பாதியைச் சொல்லிவிட்டு எழுந்து போகிற மனுஷன் அவர். தோப்பு ஏன் போனது என்று இங்கே எழுத மாட்டேன். சொந்தக்காரர்கள் படிக்கிறார்கள்.

போனில் கத்தியதற்கு மன்னித்துக்கொள். ஆனால் நீயும் பாதியில் வைத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நீ. அதை எந்த ஊரிலும் சொல்வேன். காடு வரை போனவனும் நீதான். பெண்கள் வரக்கூடாது என்று என்னை வீதி முனையில் நிறுத்தினார்கள், நீ வாய் திறக்கவில்லை. மகள் எதுவரை என்று அந்தப் பாட்டிலும் இல்லை.

சரி, திதிக்கு வருகிறேன். வரி இருக்கட்டும். "பொன்மொழி"யை எடுத்துவிட்டு, "அப்பா அடிக்கடி சொன்ன கண்ணதாசன் வரி" என்று போடு. போட்டால் கீழே என் பெயரையும் சேர். இல்லையென்றால் என் பெயர் வேண்டாம்.