பிறந்த மண்ணிலேயே அந்நியரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடியேறியவர்களின் பிள்ளைகள் பொதுவாழ்வில் ஒதுங்கி நிற்கிறார்கள் என்ற குறை அடிக்கடி எழுகிறது, ஆனால், பிறந்த ஊரின் பெயரைச் சொன்ன பிறகும் "அது சரி, உண்மையில் எந்த ஊர்?" என்று பள்ளி நாளிலிருந்தே கேட்கப்படும் பிள்ளைக்கு, வாக்குச்சாவடி தன்னுடையது என்ற எண்ணம் எப்படி வரும்?

சட்டத்துக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. நெடுங்காலம் வாழும் வெளிநாட்டவரின் குழந்தைகளுக்கு ஜெர்மனி 2000-ஆம் ஆண்டில்தான் பிறப்பாலேயே குடியுரிமை வழங்கத் தொடங்கியது. நியூசிலாந்தோ 1975 முதலே, குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்கும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை அளித்துவருகிறது.

அரசுக் கடிதங்களைப் பத்து வயதிலேயே பெற்றோருக்குப் படித்து விளக்கி, விண்ணப்பங்களையும் நிரப்பித் தரும் இப்பிள்ளைகள் குடிமைக் கடமையை ஏற்கெனவே செய்துவருகிறார்கள் என்பதே என் கருத்து. உள்ளாட்சித் தேர்தல்களில் அவர்களை வேட்பாளர்களாக நிறுத்தக் கட்சிகள் இனியாவது முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்